கேம்பர் வேன் சிங்க்: முதல் சொம்பு சர்ருனு போகுது, அப்புறம் நின்னு நின்னு போகுது

வெள்ளைவேன் (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு)

வணக்கம். டெம்போ டிராவலரை கேம்பரா (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வண்டியா) மாத்தினது. கிச்சன் சிங்க்ல தண்ணி இறங்க ரொம்ப நேரம் ஆகுது. கேட்பீங்கன்னு விவரம் எல்லாம் முதல்லயே போட்டுடறேன்.

சிங்க் ஸ்டீல், 16-க்கு 14 இஞ்ச், ஆழம் 6 இஞ்ச். இடப்பக்கம், கதவுக்குப் பின்னாடி இருக்கு. கீழே 32 மி.மீ. வேஸ்ட் கப்ளிங் (சிங்க் ஓட்டையில மாட்டுற வாய்), அதுக்குக் கீழே பிளாஸ்டிக் பாட்டில் டிராப் (உள்ளே கொஞ்சம் தண்ணி நின்னு வாடையைத் தடுக்கிற கிண்ணம்). அங்கிருந்து வரிவரியா இருக்குமே, அந்த ஃபிளெக்சிபிள் வேஸ்ட் பைப், 32 மி.மீ., சுமார் 2 மீட்டர். தரையில ஓட்டை போட்டு வெளியே இறங்கி, வண்டி அடியில குறுக்கே போய், வலப்பக்கம் இருக்கிற 45 லிட்டர் பிளாஸ்டிக் கழிவு டேங்க்ல சேருது. டேங்க்குக்கு அடியில காலி பண்ண 1 இஞ்ச் பால் வால்வு (உருண்டை வால்வு). டேங்க் தலையில ஒரு மெல்லிசு நைலான் டியூப் செருகியிருக்கு, 8 மி.மீ. இருக்கும். அது எதுக்குன்னு தெரியலை.

பாத்திரம் கழுவும்போது முதல் ஒரு சொம்பு தண்ணி சர்ருனு போயிடும். அதுக்கப்புறம் நிக்கும். களக் களக்னு சத்தம் வந்து கொஞ்சம் போகும், மறுபடி நிக்கும். ரோட்டோரம் நிறுத்தினா இன்னும் மோசம். எங்க அபார்ட்மென்ட்டுக்குள்ள சமதரையில கொஞ்சம் பரவாயில்லை. டிசம்பர்ல இருந்து இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு.

பாட்டில் டிராப்பைக் கழட்டிக் கழுவியாச்சு, உள்ளே பெருசா ஒண்ணும் இல்லை. டிரெய்ன் பவுடர் ஒரு பாக்கெட் போட்டாச்சு, ரெண்டு நாள் நல்லா இருந்து திரும்ப அதே கதை. அடுத்து என்ன பார்க்கணும்?

டீக்கடைபெஞ்ச்

சமையல் சோடா ரெண்டு ஸ்பூன், வினிகர் அரை டம்ளர் ஊத்தி மூடி வைங்க. நுரைச்சு எல்லாத்தையும் தள்ளிட்டுப் போயிடும்.

வாட்டம் (கே.ஆர். புரம்)

சோடாவும் வினிகரும் சேர்ந்தால் நுரை வரும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு மிஞ்சுவது உப்புக் கரைசல். நாற்றத்துக்கு ஏதோ கொஞ்சம் உதவும், எண்ணெய்ப் பிசுக்கை அசைக்காது.

வெள்ளைவேன், நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. "முதல் சொம்பு சர்ருனு போகுது, அப்புறம் களக் களக்" என்றால் அடைப்பை மட்டும் தேடாதீர்கள், காற்றையும் தேடுங்கள். வீட்டு சிங்க்கில் கழிவுக்குழாய் போய்ச் சேரும் இடம் திறந்த சேம்பர். வேனில் போய்ச் சேருவது மூடிய டப்பா. ஒரு லிட்டர் தண்ணீர் டேங்க்குக்குள் போனால் ஒரு லிட்டர் காற்று வெளியே வந்தாக வேண்டும். வழி இல்லையென்றால் அது வந்த வழியே திரும்பி மேலே ஏறும். அந்தக் களக் களக் அதுதான்.

எதுக்குன்னு தெரியலை என்றீர்களே, அந்த நைலான் டியூப், அதுதான் டேங்க்கின் மூக்கு.

எதையும் வாங்கும் முன், ஊற்றும் முன், நான்கு அளவு எடுங்கள். மொத்தம் அரை மணி நேர வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். போனில் இருக்கும் ஆப் போதாது, கொத்தனார் வைத்திருக்கிற ஒரு அடி ரசமட்டம் போதும். டேங்க்கை முழுக்கக் காலி செய்யுங்கள். டேங்க் மீட்டர் காட்டுவதை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் சென்சார் முள்ளில் பிசுக்கு படிந்தால் காலி டேங்க்கையும் ஃபுல் என்று காட்டும்.

அளவு 0: ஜாலியை (சிங்க் ஓட்டையில் இருக்கும் சல்லடை) அடைத்து 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடைப்பை எடுத்து, கடைசிச் சொட்டு இறங்கும் வரை எத்தனை வினாடி என்று குறியுங்கள். இது இப்போதைய நிலை.

அளவு 1: டேங்க் காலியாகவே இருக்க, அடியில் உள்ள பால் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, கீழே பக்கெட் வைத்து அதே 5 லிட்டர். திறந்த 1 இஞ்ச் வால்வு இப்போது டேங்க்குக்கு மூக்காக வேலை செய்யும். நேரம் குறைந்தால் கோளாறு காற்றுவழியில்.

அளவு 2: டேங்க் முனையில் பைப்பைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்து பக்கெட்டில் விட்டு மறுபடியும் 5 லிட்டர். இது டேங்க்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும்.

அளவு 3: டிராப்பின் வெளிமுனையிலேயே பைப்பைக் கழற்றி, சிங்க்குக்கு நேர் கீழே பக்கெட். இது டிராப்பும் ஜாலியும் மட்டும்.

32 மி.மீ. கப்ளிங்கில், ஜாலி சுத்தமாக இருந்தால், 5 லிட்டர் 15 முதல் 25 வினாடிக்குள் போய்விட வேண்டும். நாலு நம்பரையும் போடுங்கள். கூடவே டிராப்பிலிருந்து டேங்க் வரை பைப் எப்படிப் போகிறது, எங்கே தொங்குகிறது, எத்தனை செ.மீ. என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அந்த நைலான் டியூப் எங்கே போய் முடிகிறது என்பதும் வேண்டும்.

பவுடர் போட்ட குழாயைக் கழற்றப் போகிறீர்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அடியில் படுக்காதீர்கள். பைப் தொங்கும் இடத்தில் தேங்கிய, பவுடரின் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் முகத்தில் கொட்டினால் கண் போய்விடும். கழற்றும் முன் நாலைந்து பக்கெட் சாதாரணத் தண்ணீர் ஓட்டிவிடுங்கள்.

நெடுஞ்சாலைநாரை (பொம்மனஹள்ளி)

வாட்டம் சார் சொன்ன டெஸ்ட் எல்லாம் சரி. ஆனா காற்றுதான் பிரச்சனைன்னா இதுக்கு ரெடிமேட் தீர்வு இருக்கே. ஒருவழி காற்று வால்வுன்னு ஒண்ணு, சிங்க்குக்கு அடியிலேயே ஒரு 'டி' போட்டு நட்டமா நிறுத்திட வேண்டியதுதான். ஒண்ணரை இஞ்ச் திரெட், ஆன்லைன்ல கிடைக்குது. வெளிநாட்டு வண்டிகள்ல எல்லாம் அதான் இருக்கு. கூரையில ஓட்டை போட வேண்டியதில்லை.

வாட்டம்

நாரை அண்ணா, நல்ல பொருள்தான், ஆனால் இந்த நோய்க்கு மருந்து அது இல்லை. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஒருவழி. குழாய்க்குள் காற்று குறைந்து இழுக்கும்போது வெளிக்காற்றை உள்ளே விடும். உள்ளிருந்து அழுத்தம் வந்தால் ரப்பர் மூடிக்கொள்ளும், நாற்றம் வெளியே வராமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டேங்க் நிறையும்போது நமக்குக் காற்று வெளியே போக வேண்டும், உள்ளே வர அல்ல. டேங்க்குக்குத் தனியாக மூக்கு இல்லாத வண்டியில் இந்த வால்வை மட்டும் போட்டால் சல்லிக்காசுக்கு மாற்றம் இராது.

டேங்க் மூக்கு சரியாக இருந்தும், நீளமான குழாயில் தண்ணீர் வேகமாக இறங்கி டிராப்பில் உள்ள தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது, பிறகு வண்டிக்குள் நாற்றம் என்றால், அப்போது இந்த வால்வுதான் சரி. கிடைக்குழாயின் மட்டத்துக்கு மேல் 10 செ.மீ.யாவது உயர்த்தி, நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். சாய்ந்தால் ரப்பர் சரியாக மூடாது.

நெடுஞ்சாலைநாரை

ஒப்புக்கிறேன். வெளியே போற காற்றை யோசிக்கலை.

வெள்ளைவேன்

எடுத்துட்டேன். ரசமட்டம் வச்சு, ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை ஊத்திப் பார்த்து சராசரி:

அளவு 0 – 110 வினாடி
அளவு 1 – 55 வினாடி
அளவு 2 – 52 வினாடி
அளவு 3 – 14 வினாடி

பைப்: தரைக்குக் கீழே வந்ததும் முதல் கிளாம்ப்புக்கு அப்புறம் ஒரு தொய்வு, சுமார் 4 செ.மீ. அதைத் தாண்டி சேஸிஸ் கட்டை மேல ஏறி, அந்தப் பக்கம் இன்னொரு தொய்வு, 3 செ.மீ. மொத்தத்துக்கும் ரெண்டே கிளாம்ப்தான். கப்ளிங்கோட அடியிலிருந்து டிராப்போட வெளிவாய் வரை 10 செ.மீ.

நைலான் டியூப்: வெளிவிட்டம் 8, உள்விட்டம் 6 மி.மீ. டேங்க் தலையிலிருந்து கீழே தொங்கி, வளைஞ்சு மேலே ஏறி, சேஸிஸ்ல ஒயர் டை போட்டுக் கட்டியிருக்கு. வளைவுல அழுக்குத் தண்ணி நிக்குது, 6 செ.மீ. இருக்கும். வாயில காய்ஞ்ச மண் இருந்தது, குச்சியால குத்தி எடுத்தேன். மழைச்சேறுன்னு நினைச்சா உள்ளே புழுவும் சின்னச் சின்ன சிலந்தியும்.

வாட்டம்

அது சேறு இல்லை, குளவிக்கூடு. மண்குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து முட்டையிட்டு வாயை மண்ணால் பூசிவிடும். நிறுத்திப் போட்ட வண்டியில் 6 மி.மீ. ஓட்டை அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு.

நம்பரைப் படிப்போம். 110-லிருந்து 55-க்கு வந்தது வால்வைத் திறந்ததால். பாதி நேரத்தைத் தின்றது காற்றுவழி. 55-க்கும் 52-க்கும் வித்தியாசம் இல்லை, ஆக டேங்க் வாயில் கோளாறு இல்லை. 52-லிருந்து 14-க்கு இறங்கியது பைப்பைக் கழற்றியதால். மீதியைத் தின்றது பைப். டிராப்பும் கப்ளிங்கும் நிரபராதிகள். இரண்டு கோளாறு, ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால் பாதிதான் சரியாகும்.

தொய்வு ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம், இந்த இடம் பலருக்கும் புரிவதில்லை. தொய்வில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு தொய்வுக்கும் நடுவில், சேஸிஸ் கட்டை மேல், காற்று மாட்டிக்கொள்கிறது. தண்ணீர், காற்று, தண்ணீர், காற்று என்று அடுக்காக இருக்கும்போது ஒவ்வொரு தொய்வின் உயரமும் ஒன்றோடொன்று கூடும். உங்கள் வண்டியில் 4 + 3, அதோடு மூக்குக் குழாயின் வளைவில் நிற்கும் 6 செ.மீ. ஆக 13 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் எதிரே நிற்கிறது.

தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? 16-க்கு 14 இஞ்ச் சிங்க்கில் 5 லிட்டர் ஊற்றினால் மூன்றரை செ.மீ. உயரம்தான் வரும். கப்ளிங்கிலிருந்து டிராப் வாய் வரை 10. மொத்தம் பதின்மூன்றரை. எதிரும் புதிரும் கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் நிற்கிறது. ஒரு குமிழி நழுவினால் கொஞ்சம் போகிறது, திரும்ப அடுக்கு சேர்கிறது, நிற்கிறது. குழாய் சேஸிஸிலிருந்து டேங்க் வரை அரை மீட்டர் கீழே இறங்கினாலும் பயனில்லை, அந்த இறக்கத்தில் இருப்பது தண்ணீர் இல்லை, காற்று. முதல் சொம்பு சர்ரென்று போனது குழாயின் காலி இடத்தை நிரப்ப.

ரோட்டோரத்தில் மோசம் என்றீர்களே, அதற்கும் இதே பதில். தார் ரோடு நடுவில் மேடாக, ஓரத்துக்குச் சுமார் 2 சதவீதம் சாய்வாகப் போடப்படுவது. இடது ஓரம் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும். உங்கள் சிங்க் இடது, டேங்க் வலது. குழாய் குறுக்கே 2 மீட்டர் ஓடினால் 4 செ.மீ. வாட்டம் (சரிவு) அப்படியே காணாமல் போகும்.

செய்ய வேண்டியது:

முதலில் மூக்கு. 8 மி.மீ. டியூப்பைத் தூக்கி எறியுங்கள். உள்விட்டம் 6-க்குப் பதில் 20 மி.மீ. வைத்தால் காற்றுப் போகும் பரப்பு 11 மடங்கு. டேங்க் தலையின் உச்சப் புள்ளியில், பைப் நுழையும் வாயிலிருந்து முடிந்த அளவு தள்ளி, 25 மி.மீ. ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் பொருத்துங்கள். உள்ளே கை போகாது, ஆகவே வெளியிலிருந்தே இறுக்கும் வகை ரப்பர் குரோமெட் (ஓட்டையில் செருகும் ரப்பர் வளையம்) கேளுங்கள். அதிலிருந்து சுவருக்குள் நூல் பின்னிய 20 மி.மீ. பிவிசி ஹோஸ், தொடர்ந்து மேல்நோக்கியே போக வேண்டும், எங்கும் கீழே இறங்கி ஏறக்கூடாது. முடிவு எங்கே? டேங்க்கின் மட்டத்தில் இல்லை, சிங்க்கின் விளிம்பைவிட உயரத்தில். இல்லையென்றால் டேங்க் நிறைந்ததும் அழுக்குத் தண்ணீர் மூக்கு வழியே ஒழுகும். பின்பக்கச் சுவரின் வெளியே ஏற்றி மேலே ஒரு வளைவு போட்டு வாயைக் கீழ்நோக்கி முடித்தால் மழை இறங்காது. ஜன்னலுக்கும் கூரை ஃபேனுக்கும் பக்கத்தில் முடிக்க வேண்டாம். எல்லாக் கண்ணாடியையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஓட்டினால் அது எந்த ஓட்டையிலிருந்தும் காற்றை இழுக்கும், சிங்க் ஓட்டை உட்பட. தண்ணீர் நிற்கிற மாதிரி இருந்தால் ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

அடுத்து பைப். வரி போட்ட ஃபிளெக்சிபிள் பைப் வீட்டு வாஷ்பேசினுக்கு அரை மீட்டர் போடத்தான். உள்ளே ஒவ்வொரு வரியும் ஒரு குட்டித் தொட்டி, அரிசிப் பருக்கையும் பிசுக்கும் அதில் உட்காரும். தானே நிமிர்ந்து நிற்கும் பலமும் இல்லை. அதை எடுத்துவிட்டு வழவழப்பான 40 மி.மீ. பிவிசி. மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், இடம் இருந்தால் 3. ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப். 90 டிகிரி எல்போ ஒன்று போடும் இடத்தில் 45 டிகிரி இரண்டு. சேஸிஸ் கட்டைக்கு மேல் ஏற்றாதீர்கள், கீழே போக இடம் இல்லையென்றால் தரை ஓட்டையை இடம் மாற்றுங்கள். சேஸிஸில் துளை போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

பாடியும் டேங்க்கும் வேறு வேறாக ஆடும். ஆகவே டேங்க்குக்கு முன் 10 செ.மீ. நீளம் ரப்பர் ஹோஸ் துண்டு, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப். முழுவதும் சால்வென்ட் (பிவிசி பசை) போட்டு ஒட்டிவிட்டால் நாலு ஹம்ப் தாண்டுவதற்குள் டேங்க் வாய் விரிசல் விடும்.

பைப்புமாமா (கலாசிபாளையம்)

வாட்டம் தம்பி 40 மி.மீ.னு பொத்தாம் பொதுவா சொல்லிட்டுப் போயிட்டார், கடையில போய் முழிக்கப் போறீங்க. 40 மி.மீ. 'அக்ரி' பைப்னா வெளிவிட்டம் சரியா 40. ஒண்ணேகால் இஞ்ச் 'பிளம்பிங்' பைப்னா வெளிவிட்டம் 42-க்கு மேல. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணோட ஃபிட்டிங் ஒண்ணுல உட்காராது. கடைக்காரர் "கம் போட்டா சரியாயிடும்"பார், ஆகாது. பைப், எல்போ, கப்ளர் எல்லாம் ஒரே வகையில வாங்குங்க. பழைய பைப்புல ரெண்டு இஞ்ச் வெட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க.

பொருள் பட்டியல் நான் போடறேன்: 40 மி.மீ. பைப் 3 மீட்டர், 45 டிகிரி எல்போ 4, நேர் கப்ளர் 1, நடுவுல ஒரு கிளீனிங் மூடியோட 'டி' 1 (இதை விட்டுடாதீங்க, அடுத்த தடவை மூடியைத் திருகினா போதும்), ரப்பர் லைனிங் வச்ச இரும்பு கிளாம்ப் 6, ஹோஸ் கிளிப் 4, 20 மி.மீ. ஹோஸ் 3 மீட்டர், குரோமெட் 1, சால்வென்ட் சிமென்ட் சின்ன டப்பா. பாட்டில் டிராப்போட 32 மி.மீ. வாயிலிருந்து 40-க்கு மாத்த ரப்பர் ரெடியூசர் 1. பெருசுல இருந்து சின்னதுக்கு ஒருநாளும் போகாதீங்க, சின்னதுல இருந்து பெருசுக்குப் போறதுதான் முறை.

பைப் ஃபிட்டிங் எஸ்.பி. ரோட்டுல எல்லாம் ஒரே நடையில கிடைச்சுடும். ரப்பர் லைனிங் கிளாம்ப்பும் ஹோஸ் கிளிப்பும் ஜே.சி. ரோடு ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில கேளுங்க, ஹார்டுவேர் கடை கிளிப் மழைக்கு ரெண்டு மாசத்துல துருவாயிடும்.

ஹேக்ஸாவில வெட்டினதும் உள்பக்கப் பிசிறை கத்தியால சுரண்டி எடுங்க. அந்தப் பிசிறுலதான் முதல் காய்கறி நார் மாட்டும். சிமென்ட் ஆண்குழாய்ல மட்டும் மெல்லிசா தடவுங்க, உள்ளே கெட்டியா வழிஞ்சா அதுவே ஒரு தடுப்பணை. ஒரு ராத்திரி விட்டுட்டு தண்ணி விடுங்க. பாட்டில் டிராப் நட்டுக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், வாஷர்தான் சீல். கையால இறுக்கி கால் சுத்து, அவ்வளவே.

அல்சூர்குளம்

எல்லாரும் காற்றையும் வாட்டத்தையும் பேசிட்டீங்க. "டிசம்பர்ல இருந்து ஜாஸ்தி"ன்னு அவங்க எழுதினதை யாரும் தொடலை.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெய்யும் வனஸ்பதியும் அதுக்கு முன்னாடியே கெட்டியாகும். சென்னையில பெரும்பாலான நாள் குழாய்க்குள்ள திரவமாவே ஓடுற சமாச்சாரம், பெங்களூர்ல டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரியில மெழுகு. குடகு, ஊட்டின்னு போனா கேக்கவே வேண்டாம். வீட்டுக் குழாய் சுவருக்குள்ள இருக்கு. வேன் குழாய் தரைக்கு அடியில காத்துல தொங்குது. சிங்க்ல சூடா ஊத்தின சாம்பார்த் தண்ணி கேபினைத் தாண்டி வெளியே வந்த முதல் ஒரு அடியிலதான் குளிரும். பிசுக்கு படியறதும் அங்கேதான். அதனாலதான் பாட்டில் டிராப்பைக் கழட்டினா சுத்தமா இருக்கு. பழைய பைப்பை எடுக்கும்போது தரை ஓட்டைக்குக் கீழே முதல் தொய்வுல வெட்டிப் பாருங்க. வரிப்பள்ளம் எல்லாம் நிரம்பி வெள்ளையா சோப்பு மாதிரி கசண்டு இருக்கும், நடுவுல சுண்டுவிரல் போற ஓட்டைதான் மிஞ்சியிருக்கும்.

அந்தக் கசண்டு சோப்பு மாதிரி மட்டும் இல்லை, அதுல ஒரு பங்கு சோப்பேதான். டிரெய்ன் பவுடர்ல இருக்கிற காஸ்டிக் சோடா கொழுப்போட சேர்ந்தா சோப்பு. அதோட நம்ம ஊர் போர்வெல் தண்ணியில இருக்கிற கால்சியம் சேர்ந்தா தண்ணியில கரையாத சுண்ணாம்புச் சோப்பு. ரெண்டு நாள் நல்லா இருந்து மறுபடி அடைச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு, தொய்வுல தேங்கின தண்ணியில பவுடர் கரையாம இறுகினா கல்லு மாதிரி உட்காரும். அலுமினிய டேங்க் வச்சவங்க காஸ்டிக் பக்கமே போகாதீங்க, உலோகத்தை அரிச்சு ஹைட்ரஜன் வாயு விடும். பவுடர் வேலை செய்யலைன்னு அதுமேல டாய்லெட் கழுவுற ஆசிட் ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரின். வீட்டுல ஜன்னலைத் திறந்துட்டு ஓடலாம், வேன்ல நாலடியில நிக்கறீங்க.

புதுசு போட்ட பிறகு வாரம் ஒரு தடவை வெந்நீர் போதும். ஆனா கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி இளகும், தொய்வு திரும்ப வரும். கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த்தண்ணி ஒரு பங்கு கலந்தா கிட்டத்தட்ட 60 டிகிரி வரும். அதுல பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு ஸ்பூன், மொத்தம் 4 லிட்டர், ஒரே மூச்சா ஊத்துங்க. டேங்க்குக்கும் இதே தண்ணி 8, 10 லிட்டர் விட்டு, வண்டியை ஒரு அரை மணி ஓட்டிட்டுக் காலி பண்ணுங்க, குலுங்கினதுல சுவர்ப் பிசுக்கு இளகி வந்துடும். ஐஸ் கட்டி போட்டு ஓட்டுங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க. ஐஸ் மிதக்கும், உருகும், போறாததுக்குப் பிசுக்கை இன்னும் இறுக்கும்.

சிங்க்குக்குள்ள போகவே கூடாதது: தோசை மாவு கழுவின தண்ணி (உளுந்தோட வழவழப்பு குழாய்ச் சுவர்ல பசை மாதிரி ஒட்டும், அதுல மத்ததெல்லாம் ஒட்டும்), காபி பில்டர் சக்கை, புளிச்சக்கை, தேங்காய்த் திருவல், வடிச்ச கஞ்சி. வாணலியைப் பழைய பேப்பரால ஒரு துடை துடைச்சுட்டு அப்புறம் கழுவினாலே முக்கால்வாசி பிரச்சனை வராது. சிங்க் ஜாலி மேல டீ வடிகட்டி மாதிரி ஒரு மெல்லிய வலை போடுங்க.

கழிவுத் தண்ணியை ரோட்டுலயோ ராஜகால்வாயிலயோ (மழைநீர்க் கால்வாய்) திறந்துவிடாதீங்க. அது ஏரிக்குத்தான் போகும், பெல்லந்தூர் நுரையைப் பார்த்த ஊர் இது. அபார்ட்மென்ட் சாக்கடை சேம்பர்ல விடுங்க, எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தா அங்கே வேலை செய்யறவங்களைக் கேட்டுட்டு விடுங்க. ப்ளீச் கலந்த தண்ணியை மட்டும் அதுல விடாதீங்க, விட்டா உள்ளே இருக்கிற பாக்டீரியா செத்துடும்.

வெள்ளைவேன்

எல்லாம் மாத்தியாச்சு. பழைய பைப்பை வெட்டினப்போ அல்சூர்குளம் சொன்ன மாதிரியே, தரை ஓட்டைக்கு ஒரு அடி தள்ளி வெள்ளைக் கசண்டு, நடு ஓட்டை 12 மி.மீ. அளந்தேன். சேஸிஸ் கட்டைக்குக் கீழே போக 5 செ.மீ. இடம் இருந்ததால தரை ஓட்டையை மாத்த வேண்டி வரலை. வாட்டம் மீட்டருக்கு இரண்டரை செ.மீ. கிடைச்சது. இப்போ அளவு:

சமதரை, டேங்க் காலி – 17 வினாடி
சமதரை, டேங்க்ல 30 லிட்டர் – 18 வினாடி
ரோட்டோரம், இடப்பக்கம் சாய்வு – 24 வினாடி

களக் சத்தம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். ஹம்ப் நிறைய இருக்கிற ரோட்டுல ஓட்டி நிறுத்தினதும் லேசா டேங்க் வாடை வருது. முன்னாடி இது இல்லை.

வாட்டம்

முன்னாடி தொய்வில் நின்ற தண்ணீரே கூடுதல் டிராப்பாக வேலை செய்து வாடையைத் தடுத்தது. அதைத்தான் எடுத்துவிட்டோம். இப்போது பாட்டில் டிராப் தண்ணீர் மட்டும்தான் தடுப்பு, குலுக்கலில் அது தளும்பி டேங்க்குக்குள் போய்விடுகிறது. கிளம்பும்போது சிங்க் ஓட்டைக்கு ரப்பர் மூடி போடுங்கள், நிறுத்தியதும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியை எடுங்கள். அடிக்கடி நீண்ட ஓட்டம் என்றால் பாட்டில் டிராப்புக்குப் பதில் தண்ணீர் இல்லாத சவ்வு டிராப் போடலாம், 'ஹெப்வோ' என்ற பெயரில் வருவது. தண்ணீர் வந்தால் சவ்வு விரியும், நின்றால் ஒட்டிக்கொள்ளும், குலுக்கலுக்கு அசையாது. சவ்வின் உதட்டில் பிசுக்கு படிந்தால் மூடாமல் நிற்கும், அதே 60 டிகிரி சோப்புத் தண்ணீர் போதும். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக மட்டும் போடாதீர்கள், நடுவில் காற்று மாட்டி பழைய கூத்து திரும்ப வரும்.

பைப்புமாமா

மூக்கு ஹோஸ் வாயில கொசுவலைத் துண்டு ஒண்ணு வச்சு கிளிப் போட்டீங்களா? நைலான் வலை வேண்டாம், ஸ்டீல் வலை. 20 மி.மீ.யும் குளவிக்கு வீடுதான், கொஞ்சம் பெரிய வீடு.

வெள்ளைவேன்

போடலை. நாளைக்கு ஏணி வச்சு ஏறிடறேன் மாமா.